ஒமாஹா ஹை-லோ, ரொம்பச் சின்னப் பந்தயத்தில்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருப்பூர்_ஓவர்லாக்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரம்மி எனக்கு நன்றாகவே வரும். எப்போது ஸ்கூட் விடுவது (கையை ஆடாமல் விலகுவது), எப்போது ஃபுல் கவுண்டுக்குத் துணிவது என்பதெல்லாம் தீபாவளி லீவில் ஊர்ப் பசங்களோடு உட்கார்ந்து பழகியது. டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரும் ஓரளவு தெரியும். இப்போது அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா பையன், போனில் பேசும்போதெல்லாம் ஒமாஹா ஹை-லோ என்று ஒன்றைச் சொல்லி ஆசை காட்டுகிறான். அதுவும் போக்கர்தான்: கையில் நான்கு சீட்டு, பாட் பணத்தில் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) பாதி பெரிய கைக்கு, அதாவது ஹைக்கு, பாதி சின்னக் கைக்கு, அதாவது லோவுக்கு. ஐந்து பைசா, பத்து பைசா மாதிரி சில்லறைப் பந்தயத்திலேயே மணிக்கணக்காக ஆடலாம் என்கிறான்.

ஆன்லைனில் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஐநூறு ரூபாய் போட்டால் போதுமா? எந்தக் கையை ஆடுவது, எதைத் தூக்கிப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்ணா.

கோபி_வாய்க்கால்மேடு · நிர்வாகி

தம்பி, ஆட்டத்துக்கு முன்னால் சட்டத்தைப் பேசிவிடுவோம். இல்லாவிட்டால் பாதி இழை அந்தச் சண்டையிலேயே போய்விடும்.

2022இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலில் வைத்துத் தடுத்தது. இவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை நீக்கியது. ஆனால் நேரம், வயது போன்றவற்றை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றது. அதை வைத்துத்தான் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஆதார் சரிபார்க்க வேண்டும் என்று 2025 தொடக்கத்தில் விதிகள் வந்தன.

அதற்குள் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் ஆட்டம் எதுவாக இருந்தாலும் நாடு முழுக்கத் தடை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். வங்கிகளும் அந்தப் பணத்தைக் கைமாற்றக் கூடாது. ஆடுகிறவருக்குத் தண்டனை எழுதவில்லை. ஆனால் போட்ட பணம் மாட்டிக்கொண்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

ஆகவே ஐநூறு ரூபாய்க் கேள்விக்குப் பதில்: திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரூபாயும் போட வேண்டாம். இலவசச் சில்லு மேசைகள் இருக்கின்றன, அங்கே பழகுங்கள். பந்தயம் இல்லாத ஆட்டத்தை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தளத்தின் பெயர், இணைப்பு, ஏஜென்ட் எண் மட்டும் வேண்டாம்.

எடிசன்_ஈரோட்டுக்காரன்

ஈரோடு பக்கம் பிறந்து இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இந்த மாநிலத்தில் 2013 நவம்பரில் இருந்து ஆன்லைன் போக்கர் சட்டப்படி உண்டு. 21 வயது ஆகியிருக்க வேண்டும், மாநில எல்லைக்குள் இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு சில்லறைப் பந்தயத்தில் ஹை-லோதான் என் பொழுதுபோக்கு. ஆட்டத்தைச் சொல்கிறேன்.

ஹோல்டெமில் கைச்சீட்டு இரண்டு. இதில் நான்கு. நடுவில் விரியும் ஐந்து சீட்டு அதேதான்: ஃப்ளாப்பில் மூன்று, டர்னில் ஒன்று, ரிவரில் ஒன்று. எல்லாரும் இடறும் விதி இதுதான்: கையிலிருந்து சரியாக இரண்டு, நடுவிலிருந்து சரியாக மூன்று. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நடுவில் நான்கு ஆட்டின் கிடக்கிறது, கையில் ஆட்டின் ஏஸ் ஒன்று மட்டும் இருக்கிறது. ஹோல்டெமில் அது ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே நிறம், அதாவது ஒரே சின்னம்). இங்கே ஒன்றுமே இல்லை.

லோவுக்குத் தகுதி: ஐந்து வெவ்வேறு சீட்டு, எல்லாம் எட்டும் அதற்குக் கீழும். ஏஸ் இதில் ஒன்று என்ற கணக்கு. அதே ஏஸ் ஹைக்குப் பெரிய சீட்டாகவும் நிற்கும். லோவில் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு), ஃப்ளஷ் எதுவும் குற்றமில்லை. அதனால் ஏஸ்-2-3-4-5தான் ஆகச் சிறந்த லோ, ஹைக்கு அதுவே ஸ்ட்ரெய்ட்டும் ஆகும். இரண்டு லோவை ஒப்பிடும்போது பெரிய சீட்டிலிருந்து கீழே வாருங்கள். 7-6-3-2-ஏஸை விட 7-5-4-3-2 சிறந்தது, ஏனென்றால் ஏழு சமம், அடுத்தது ஐந்து ஆறை விடச் சிறியது.

ஹைக்கு இரண்டு சீட்டு, லோவுக்கு வேறு இரண்டு சீட்டு என்று எடுக்கலாம். அதே இரண்டையும் எடுக்கலாம். நடுவில் எட்டுக்கு உட்பட்ட வெவ்வேறு சீட்டு மூன்று வராவிட்டால் அந்த ஆட்டத்தில் லோவே இல்லை. ஹை எடுத்தவருக்கு முழுப் பாட்.

உலகப் போக்கர் தொடரில் இதற்கென்று 10,000 டாலர் நுழைவுக் கட்டணத்தில் தனிப் பட்டப் போட்டியே நடக்கிறது. நாம் பேசுவது அதில் ஐந்து சென்ட் மூலை.

ரிக்வண்டி_திருச்செங்கோடு

போர்வெல் வண்டியோடு ஒரிசா, ம.பி. என்று சுற்றுகிறவன் நான். கேம்ப்பில் சீட்டுக்கட்டு இல்லாமல் ராத்திரி நகராது. எடிசன் அண்ணன் சொன்னதைப் படித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது: ஏஸும் ரெண்டும் கையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை போகலாம்தானே? லோ எப்படியும் நமக்குத்தான். பாதிப் பணம் உறுதி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எடிசன்_ஈரோட்டுக்காரன்

சின்ன மேசையில் எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்கள் பணத்தில்தான் மேசை ஓடுகிறது.

மூன்று பேர் கடைசி வரை நிற்கிறீர்கள், ஆளுக்கு 40 போட்டாயிற்று, பாட் 120. உங்களிடம் ஏஸ்-2, எதிரில் ஒருவரிடமும் ஏஸ்-2, மூன்றாமவரிடம் ஹை. ஹைக்கு 60 போய்விடும். லோவின் 60ஐ நீங்கள் இருவரும் பிரித்தால் ஆளுக்கு 30. நாற்பது போட்டு முப்பது எடுத்திருக்கிறீர்கள். லோவை ஜெயித்து, பத்து தோற்றீர்கள். இதற்குக் கால்பங்கு அடிபடுவது என்று பெயர். நான்கு பேர் நின்றிருந்தால் போட்டது திரும்பும், அவ்வளவுதான். மூன்றாமவர் இல்லாமல் நீங்கள் இருவர் மட்டுமே, அவரிடம் ஹையும் இருந்தால் 40 போட்டு 20.

இப்போது அதே மூன்று பேர் மேசையில் ஹையும் லோவும் உங்களுக்கே வந்தால்? 120 எடுக்கிறீர்கள், லாபம் 80. தனியாகப் பாதி மட்டும் எடுத்தால் 60, லாபம் 20. பாதிக்கும் முழுசுக்கும் இடையில் லாபத்தில் நான்கு மடங்கு வித்தியாசம். இந்த ஆட்டத்தில் எல்லா முடிவும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகிறது. பாதிக்கு ஆடாதீர்கள், முழுசுக்கு ஆடுங்கள்.

ஆனைமலை_கணக்கு

பொள்ளாச்சி பக்கம் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பணம் வைத்து ஆடியதில்லை, ஆடப் போவதுமில்லை. இந்த ஆட்டத்தின் எண்கள் பிடிக்கும். ரிக்வண்டிக்காரர் சொன்ன "உறுதி" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் பார்ப்போம்.

கையில் ஏஸ், 2, ராஜா, 9. ஃப்ளாப்பில் 4, 7, ராணி. நிறம் எதுவும் ஒத்துவரவில்லை. பார்த்த சீட்டு ஏழு, பார்க்காதது 45. லோ முடிய 3, 5, 6, 8 இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும், மொத்தம் 16 சீட்டு. டர்ன், ரிவர் இரண்டிலும் அது வராமல் போகும் வாய்ப்பு 29/45 பெருக்கல் 28/44. கிட்டத்தட்ட 41 சதவீதம். அதாவது லோ முடிவது 59 சதவீதம். டர்ன் தவறிவிட்டால் மிச்சம் 44இல் 16, சுமார் 36 சதவீதம்.

59 என்பது நல்ல எண் மாதிரித் தெரியும். ஆனால் கிடைப்பது பாதிப் பாட். 59இல் பாதி 30க்குக் கீழே. நான்கு பேர் பணம் போடும் மேசையில் உங்கள் பங்கு 25 சதவீதம், அதனால் தொடர்வதில் தப்பில்லை. எதிரில் ஒரே ஒருவர் என்றால் நீங்கள் போடுவது 50 சதவீதம், எதிர்பார்ப்பது 30. இன்னொருவரிடமும் ஏஸ்-2 இருந்தால் அதுவும் குறையும். ஹைக்கு ஒரு வழியும் இல்லாத ஏஸ்-2 கூட்டத்தில் பிழைக்கும், தனியாக மாட்டினால் பிழைக்காது.

வெள்ளகோயில்_காங்கேயன்

நிர்வாகி மன்னிக்கணும். இந்த இழையே வேண்டாம் என்பது என் கருத்து. என் சித்தப்பா பையன் ஒரு ரம்மி ஆப்பில் முதலில் நூறு, இருநூறு என்றுதான் ஆரம்பித்தான். சனிக்கிழமை சம்பளம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருக்காது. வார வட்டிக்கு வாங்கியது, தாலிக்கொடி அடகு, கடைசியில் ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. இன்றைக்கும் அவன் வீட்டில் யாரும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாரும் "சின்னப் பந்தயம்" என்றுதான் உள்ளே போகிறார்கள். ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2022இல் சும்மாவா தடை செய்யச் சொன்னது?

கோபி_வாய்க்கால்மேடு · நிர்வாகி

மன்னிப்பு எதற்குங்க? இது இங்கே இருக்க வேண்டிய பதிவுதான். இழையை மூடப் போவதில்லை, உங்கள் பதிவையும் கீழே தள்ளப் போவதில்லை.

எடிசன்_ஈரோட்டுக்காரன்

காங்கேயன் அண்ணன் சொல்வதை மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்வேன். அந்த ஆப்களில் ஒரு ஆட்டம் ஓரிரு நிமிடத்தில் முடிந்து, அடுத்த மேசை உடனே திறந்து, தொகையை ஏற்றச் சொல்லி அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. இங்கே நான் கணக்குத் திறந்த அன்றே மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போட முடியாது என்று வரம்பு வைத்துக்கொண்டேன்; அந்த வசதியைத் தளம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனாலும் வரம்பே வைக்கத் தெரியாத ஆள் எந்த நாட்டிலும் அழிவார். இங்கேயும் பார்க்கிறேன்.

லக்கி_ஏஸ்_கிளப்

*[இந்தப் பதிவு நிர்வாகியால் நீக்கப்பட்டது]*

கோபி_வாய்க்கால்மேடு · நிர்வாகி

பார்த்தீங்களா, வந்துவிட்டார்கள். நீக்கியது என்னவென்றால்: தனியார் கிளப் ஆப், டெலிகிராமில் ஏஜென்ட், யுபிஐயில் பணம் அனுப்பினால் சில்லு ஏற்றித் தருவார், ஜெயித்தால் அவரே திருப்பி அனுப்புவாராம். ஆப் பார்ப்பதற்கு இலவச ஆட்டம் மாதிரி இருக்கும், பணம் மட்டும் வெளியே ஏஜென்ட் கையில் ஓடும். மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் ஏஜென்டின் கூட்டாளிகள் என்று உங்களுக்குத் தெரியாது. நான்கு சீட்டு ஆட்டத்தில் மூன்று பேர் போனில் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடினால் பன்னிரண்டு சீட்டு அவர்களுக்குத் தெரியும். ஏஸ் எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு உங்கள் திறமையை எங்கே கொண்டு போய் வைப்பீர்கள்?

திருப்பூர்_ஓவர்லாக்

சரிங்ணா, பணப் பேச்சே வேண்டாம். இலவச மேசையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அங்கே ஒரே கூத்தாக இருக்கிறது. எந்தக் கையாக இருந்தாலும் ஒன்பது பேரும் ஃப்ளாப் பார்க்கிறார்கள், ஒருவரும் ஃபோல்ட் செய்வதில்லை (கையைப் போட்டுவிட்டு விலகுவதில்லை). இதில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

ரிக்வண்டி_திருச்செங்கோடு

ஒன்றும் முடியாது. காசு வலிக்காமல் சீட்டாட்டம் வராது கண்ணு. எங்கள் கேம்ப்பில் தீக்குச்சி வைத்து ஆடினாலும், தோற்றவன் காலையில் எல்லாருக்கும் டீ போட வேண்டும் என்று வைத்த பிறகுதான் ஒழுங்காக ஆட ஆரம்பித்தார்கள்.

எடிசன்_ஈரோட்டுக்காரன்

பாதி ஒத்துக்கொள்கிறேன். பந்தயம் கட்டும் முறையை இலவச மேசை கற்றுத்தராது. ஒருவரைப் பயமுறுத்தி விலக்க முடியாத இடத்தில் பிளஃப் பழக முடியாது. ஆனால் சீட்டு வாசிக்க அதுவே போதும். இன்னொன்று, ஐந்து சென்ட் மேசையும் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. அங்கேயும் ஐந்து பேர், ஆறு பேர் ஃப்ளாப் பார்க்கிறார்கள். யாரும் விலகாத மேசையில் பிளஃப்பை மறந்துவிட்டு, நல்ல கையை மட்டும் எடுத்து, கை அமைந்தபோது பணத்தை ஏற்றுவது ஒன்றுதான் வழி. அந்தப் பொறுமையை இலவச மேசையிலேயே பழகலாம்.

எந்தக் கை என்று முதலிலேயே கேட்டிருந்தீர்கள். ஏஸ்-ஏஸ்-2-3, இரண்டு ஏஸும் தன் நிறத்துக் கூட்டாளியோடு: இதுதான் உச்சம். பிறகு ஏஸ்-2-3 கூட ஏதாவது ஒன்று, ஏஸ்-ஏஸ்-2, ஏஸ் நிறம் சேர்ந்த ஏஸ்-2. ஏஸ்-3 நல்ல துணையோடு இருந்தால் சரி. அப்புறம் பலரும் மறப்பது ராஜா-ராணி-ஜாக்-10 மாதிரியான முழுப் பெரிய கை. நடுவில் பெரிய சீட்டாக விரிந்தால் லோவே இருக்காது, ஜெயித்தால் முழுப் பாட். சின்னதாக விரிந்தால் ஃப்ளாப்பிலேயே விலகிவிடலாம், சேதம் குறைவு.

தூக்கிப் போட வேண்டியது 9-8-7-6 வகை. ஹோல்டெம் பழகிய கண்ணுக்கு அழகாகத் தெரியும். இந்தக் கைக்கு ஸ்ட்ரெய்ட் விழ வேண்டுமானால் நடுவில் பெரும்பாலும் 5, 6, 7 என்று வர வேண்டும். அப்போது லோ வேறொருவருக்குப் போய்விடும். ஆக நன்றாக விழுந்தாலும் பாதிதான், மோசமாக விழுந்தால் பூஜ்யம். ஒன்பது இந்த ஆட்டத்தில் ஆகச் சோம்பேறிச் சீட்டு. லோவுக்கும் ஆகாது, பெரிய ஸ்ட்ரெய்ட்டுக்கும் எட்டாது. ஏஸ் இல்லாத 2-3-4ஐயும் நம்ப வேண்டாம், நடுவில் ஏஸ் விழுந்தால்தான் அதற்கு உயிர்.

ஒன்பது பேர் மேசையில் நான் நான்கு கைக்கு ஒன்று கூட ஆடுவதில்லை. ரம்மியில் ஸ்கூட் விடத் தெரிந்த உங்களுக்கு இது கஷ்டமாக இருக்காது.

ஆனைமலை_கணக்கு

இலவச மேசைக்கும் முன்னால் ஒரு பயிற்சி சொல்லட்டுமா? வீட்டில் ஒரு கட்டு எடுத்து, நான்கு பேருக்கு நான்கு நான்கு சீட்டாகத் திறந்து போடுங்கள். நடுவில் ஐந்தையும் விரியுங்கள். இப்போது ஒவ்வொரு கைக்கும் ஹை எது, லோ எது, யார் எதை எடுக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்கு சீட்டிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி. ஆறையும் பார்க்க ஆரம்பத்தில் நேரமாகும். அப்புறம் கண் தானாகப் போய் நிற்கும். ஹோல்டெமில் தொடக்கக் கைகள் 1,326தான், இங்கே 2,70,725. மனப்பாடம் செய்ய முடியாது, வாசிக்கத்தான் பழக வேண்டும்.

திருப்பூர்_ஓவர்லாக்

டீச்சர், இதை நைட் ஷிப்ட் டீ இடைவேளையில் கட்டிங் மேசை மேலேயே போட்டுப் பார்த்தோம். கூட்டமே கூடிவிட்டது. சூப்பர்வைசர் வந்த பிறகு கலைந்தோம்.

இலவச மேசையில் வந்த ஒரு கையைப் பற்றிக் கேட்க வேண்டும். என்னிடம் ஏஸ், 2, ஜாக், 10. ஃப்ளாப் 4, 5, 8. டர்னில் ஜாக். ரிவரில் 2. ஃப்ளாப்பில் எனக்கு நட் லோ (யாராலும் மிஞ்ச முடியாத லோ) என்றுதானே அர்த்தம்? கடைசியில் மூன்று பேர் நின்றோம். ஒருவர் ஏஸ்-3-ராஜா-ராஜா காட்டினார், இன்னொருவர் 6-7-9-9. எனக்கு ஒரு சில்லும் வரவில்லை. ஆப்பில் ஏதாவது கோளாறா?

எடிசன்_ஈரோட்டுக்காரன்

கோளாறு எதுவும் இல்லை. ஃப்ளாப்பில் உங்களிடம் 8-5-4-2-ஏஸ், அதற்கு மேல் லோ கிடையாது. நீங்கள் பணம் ஏற்றியிருந்தால் சரியே. ரிவரில் வந்த 2தான் உங்கள் கையைக் கொன்றது. உங்கள் லோ மாறவில்லை, இன்னும் அதே 8-5-4-2-ஏஸ்தான். ஆனால் நடுவில் இப்போது 2-4-5 கிடக்கிறது. ஏஸ்-3 வைத்திருந்தவருக்கு அது ஏஸ்-2-3-4-5. ஹை 6-7காரருக்கு, 4-5-6-7-8 ஸ்ட்ரெய்ட். உங்கள் ஜாக்-2 இரட்டை ஜோடிக்கு அங்கே வேலையில்லை.

ரிவரில் அந்த 2 விழுந்தவுடன் ஏஸ்-3, ஏஸ்-6, ஏஸ்-7, 3-6, 3-7, 6-7 எல்லாமே லோவில் உங்களைத் தாண்டிவிட்டன. இருவர் போட்டி போட்டு ஏற்றினால் அங்கே ஃபோல்ட்தான். உங்கள் கையில் ஜாக் இருந்த இடத்தில் ஒரு 3 இருந்திருந்தால்? 2 செத்தாலும் ஏஸ்-3 நின்றிருக்கும், அவரோடு லோவைப் பங்கு போட்டிருப்பீர்கள். ஏஸ்-2வோடு மூன்றாவது சின்னச் சீட்டு ஏன் வேண்டும் என்று நூறு தடவை சொல்வதை விட இந்த ஒரு கை போதும்.

நாமக்கல்_பாடிபில்டர்

(லாரி பாடி கட்டுகிற வேலைதானுங்க, ஜிம் இல்லை.) என் மச்சான் லண்டனில் இருக்கிறார், அவருக்காகக் கேட்கிறேன். லிமிட், பாட்-லிமிட் என்று இரண்டு இருக்கிறதே, புதுசாக வருகிறவர் எதில் உட்காரலாம்? எவ்வளவு பணம் தனியாக வைக்க வேண்டும்?

எடிசன்_ஈரோட்டுக்காரன்

அங்கே உரிமம் பெற்ற தளமா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு லிமிட் கிடைத்தால் லிமிட்.

5 சென்ட் / 10 சென்ட் லிமிட் மேசையில், முதல் சுற்றிலும் ஃப்ளாப்பிலும் ஏற்றுவது ஐந்து ஐந்தாக, டர்னிலும் ரிவரிலும் பத்து பத்தாக. ஒரு சுற்றில் பெரும்பாலும் ஒரு பெட் (முதல் பந்தயம்), மூன்று ரெய்ஸ் (அதற்கு மேல் ஏற்றுவது), அதோடு சரி. ஒரே கையில் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு கூரை இருக்கிறது. பாட்-லிமிட்டில் நடுவில் கிடக்கும் அளவுக்கு ஏற்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் பாட் மூன்று மடங்காகிக்கொண்டே போகும், ஒரு கால்பங்கு அடியில் முன்னால் இருக்கும் மொத்தச் சில்லும் போய்விடும். கால்பங்கு என்றால் என்னவென்று உடம்புக்குப் புரிந்த பிறகு அங்கே போகலாம்.

லிமிட்டுக்குப் பெரிய பெட் அளவில் முந்நூறு வைத்துக்கொள்வது பழைய கணக்கு. 10 சென்ட் என்றால் 30 டாலர். தொலைந்தால் மச்சான் வீட்டில் யாரும் கேட்காத தொகையாக இருக்க வேண்டும்.

கமிஷனையும் பாருங்கள். இருவர் மட்டும் மிஞ்சி, ஆளுக்கு 40 போட்டு, 80இல் தளம் 5 சதவீதம் எடுத்தால் மிச்சம் 76. இருவரும் பாதி பாதி எடுத்தால் ஆளுக்கு 38. இருவருமே "ஜெயித்து" இருவருமே இரண்டு தோற்றார்கள். சில்லறை மேசையில் பாதிப் பாட் துரத்துகிறவர்கள் மெதுவாகக் கரைவதற்கு இதுவும் காரணம். ஹை-லோ மேசைகள் ஹோல்டெம் அளவுக்கு இருக்காது, அதனால் காலியாகக் கிடக்கும் மேசையில் ஒருவரோடு மட்டும் உட்காராமல், ஆள் நிறைந்த மேசைக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

வெள்ளகோயில்_காங்கேயன்

கமிஷன் கணக்கை யாராவது என் தம்பிக்கு அன்றைக்கே இப்படிப் போட்டுக் காட்டியிருக்கலாம். சரி. இலவசமாக ஆடுகிறவர்கள் ஆடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இலவச ஆப்பிலும் சில்லு தீர்ந்தால் "99 ரூபாய்க்கு வாங்கு" என்று வரும். வாங்கிய சில்லைத் திரும்பப் பணமாக்கவும் முடியாது. போனில் அந்த வசதியை முதல் நாளே அடைத்துவிடுங்கள்.

திருப்பூர்_ஓவர்லாக்

அடைத்துவிட்டேனுங்ணா. சில்லு தீர்ந்தால் மறுநாள் தானாகக் கொஞ்சம் கொடுக்கிறார்கள், அது போதும்.

இன்னொரு சந்தேகம். கடைசியாகப் பேசும் இடத்தில், அதாவது மற்றவர்கள் பந்தயம் சொன்ன பிறகு முடிவெடுக்கும் இடத்தில், உட்கார்ந்தால் நல்லது என்று ஹோல்டெமில் சொல்வார்களே, இதிலும் அப்படித்தானா?

எடிசன்_ஈரோட்டுக்காரன்

ஆமாம், அதே அளவுக்கு. முன்னால் பேசுகிறவர் ஏற்றி, அடுத்தவர் மறுபடி ஏற்றினால், ஒருவரிடம் ஹையும் ஒருவரிடம் லோவும் இருக்கிறது என்று கிட்டத்தட்ட எழுதி ஒட்டிய மாதிரி. கடைசியில் இருக்கும் நீங்கள் இரண்டாம் தரக் கையோடு நடுவில் சிக்காமல் எழுந்துவிடலாம். முதலில் பேசும் இடத்தில் சுமாரான ஏஸ்-3ஐக்கூட நான் போட்டுவிடுவேன்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு

ஒரு பஞ்சாயத்துங்க, டீச்சர்தான் தீர்ப்புச் சொல்லணும். இந்த இழையைப் படித்துக் காட்டி, நேற்று ராத்திரி கேம்ப்பில் தீக்குச்சி வைத்து ஹை-லோ போட்டோம். டிரில்லர் கையில் ஏஸ்-2-3-4. சமையல்காரர் கையில் ராஜா-ராணி-9-7. நடுவில் 5, 6, ராஜா, ராணி, ராஜா. டிரில்லர் "ஏஸ்-2-3-4, நடுவில் ஐந்து, இதை விட லோ உலகத்திலேயே இல்லை, பாதிக் குச்சியை எடு" என்கிறார். சமையல்காரர் தரமாட்டேன் என்கிறார். காலையில் யார் டீ போடுவது என்பது இதில்தான் நிற்கிறது. இப்போதைக்கு ஒருவரும் போடவில்லை.

ஆனைமலை_கணக்கு

டிரில்லர் கையிலிருந்து நான்கு சீட்டு எடுத்துவிட்டார், இரண்டுதான் எடுக்கலாம். நடுவில் மூன்று சின்னச் சீட்டு வேண்டும். 5, 6 இரண்டுதான் கிடக்கிறது. அதனால் இந்தக் கையில் லோவே கிடையாது. சமையல்காரர் கையிலிருந்து ராஜா, ராணி, நடுவிலிருந்து ராஜா, ராஜா, ராணி: மூன்று ராஜா, இரண்டு ராணி, ஃபுல் ஹவுஸ். முழுக் குச்சியும் அவருக்கு.

ரிக்வண்டி_திருச்செங்கோடு

டிரில்லர் அடுப்புப் பற்ற வைக்கப் போயிருக்கிறார். அதற்கும் குச்சி சமையல்காரரிடம்தான் கேட்கணும்.